பேஸ்மேக்கரை நம்பித் துடிக்கும் இதயம்: அப்லேஷனுக்குப் பிறகு நடப்பது என்ன?

அத்தைக்கு அப்லேஷன் (இதயத்தில் ஒரு சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) செய்து, இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவியும் வைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கருவியைச் சோதித்துவிட்டுக் கொடுத்த தாளை வீட்டுக்கு வந்ததும் பிரித்துப் படித்தார். பாதிக்கு மேல் சுருக்கெழுத்து, புரியாத எண்கள். ஒரு வரி மட்டும் பளிச்சென்று புரிந்தது: கீழறையில் பேஸிங் (கருவி கட்டளை கொடுத்துத் துடிக்க வைப்பது), 99.8 சதவீதம். தாளை என் பக்கம் நீட்டி, "அப்போ என் இதயம் வேலையே செய்யலையாப்பா? எல்லாம் இந்தப் பொட்டிதான் செய்யுதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு நிறையப் படித்தேன், மருத்துவர்களிடம் கேட்டேன், சோதனை அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இதே பயத்தோடு இருக்கும் வேறு யாருக்காவது உதவும் என்று, புரிந்ததை எளிமையாக எழுதுகிறேன்.

முதலில் அத்தையின் கேள்விக்கே பதில். இதயம் முழு வேலையும் செய்கிறது. சுருங்கி விரிவது, ரத்தத்தைத் தள்ளுவது எல்லாமே அதன் தசைதான். பேஸ்மேக்கர் ஒரு சொட்டு ரத்தத்தைக்கூடத் தள்ளுவதில்லை. "இப்போது சுருங்கு" என்று ஒரு சின்ன மின்துடிப்பை அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த மின்துடிப்பு பெரும்பாலும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடிக்கும். ஆனால் அந்தக் கட்டளை வராவிட்டால் என்ன ஆகும்? பேஸ்மேக்கர் சார்பு என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கேள்வியைத்தான்.

கட்டளை எங்கிருந்து வருகிறது

நல்ல நிலையில் உள்ள இதயத்தில் கட்டளை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. வலது மேலறையின் மேல் ஓரத்தில் சைனஸ் நோட் என்று ஒரு சிறிய திசுக்கூட்டம் இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை அது தானாகவே மின்துடிப்பு எழுப்பும். மூளை அதன் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். துடிப்பைத் தொடங்கி வைக்க மூளை தேவையில்லை.

அந்த மின்துடிப்பு இரண்டு மேலறைகளிலும் பரவி, நடுவில் உள்ள ஏவி நோட் என்ற வாசலுக்கு வந்து சேரும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரத்தைக் கடத்தாத நார்த்திசுச் சுவர் இருக்கிறது. சாதாரணமாக அந்தச் சுவரைத் தாண்ட இந்த ஒரு வாசல்தான் உண்டு. ஏவி நோட் மின்துடிப்பை ஏறக்குறைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நிறுத்திவைத்து, அப்புறம்தான் கீழே விடும். மேலறை தன்னிடம் உள்ள ரத்தத்தைக் கீழறைக்குள் இறக்கி முடிக்க அந்த இடைவெளி வேண்டும். பிறகு ஹிஸ் கற்றை வழியாகவும், அதன் இரண்டு கிளைகள் வழியாகவும், பர்கின்ஜி இழைகள் வழியாகவும் கீழறைத் தசை முழுக்க நொடிப்பொழுதில் கட்டளை பரவும்.

இந்த வழியை மனிதர்கள் கண்டுபிடித்த வரிசை கீழிருந்து மேலாக அமைந்தது. பர்கின்ஜி தன் இழைகளை விவரித்தது 1839இல். வில்ஹெல்ம் ஹிஸ் கற்றையைக் கண்டது 1893இல். ஜெர்மனியில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜப்பானிய மருத்துவர் சுனாவோ தவாரா ஏவி நோடைப் பற்றி எழுதியது 1906இல். ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃப்ளாக்கும் சைனஸ் நோடைப் பற்றி அறிவித்தது 1907இல். எல்லாவற்றுக்கும் தலைமையான இடம் கடைசியாகத்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

இனி வருவதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் மிக முக்கியம். சைனஸ் நோட் நின்றுபோனால் இதயம் உடனே நின்றுவிடாது. ஏவி நோடை ஒட்டிய பகுதி நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை துடிப்பை எழுப்பிக் கைகொடுக்கும். அதுவும் இல்லையென்றால் கீழறையே 20 முதல் 40 வரை தட்டுத்தடுமாறி ஓட்டும். இவற்றை மாற்றுத் துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். கீழே போகப் போக வேகமும் குறையும், நம்பகத்தன்மையும் குறையும். ஒருவரிடம் எந்தப் படியில் உள்ள மாற்றுத் துடிப்பு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அவர் பேஸ்மேக்கரை எவ்வளவு நம்பியிருக்கிறார் என்பது அமையும்.

சூடு வைத்து வழியை அடைப்பது

அரித்மியா என்றால் துடிப்பின் ஒழுங்கு கெடுவது. சிலருக்கு மின்துடிப்பு ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடும். சிலருக்கு வேறோர் இடத்திலிருந்து தேவையில்லாத துடிப்புகள் கிளம்பும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். அங்கே நிமிடத்துக்கு 350க்கு மேல் கட்டளைகள் தாறுமாறாகக் கிளம்புகின்றன. ஏவி நோட் வாசலில் நின்று வடிகட்டுவதால்தான் கீழறை பிழைக்கிறது. அப்படி வடிகட்டியும் 130, 150 என்று துடிப்பவர்கள் உண்டு.

கதீட்டர் அப்லேஷனில், தொடை மடிப்பில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் கொண்டுபோய், கோளாறு செய்யும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்தத் திசுவை மட்டும் செயலிழக்கச் செய்கிறார்கள். ரேடியோ அலை மின்சாரத்தால் திசு 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் அது நிரந்தரத் தழும்பாகிவிடும். உறைய வைத்துச் செய்யும் முறை இன்னொன்று. குறுகிய மின்புலத் துடிப்புகளால் செல்களைச் சிதைக்கும் முறை இப்போது வேகமாகப் பரவி வருகிறது. எந்த முறையானாலும் கடைசியில் மிஞ்சுவது மின்சாரம் கடக்க முடியாத ஒரு தழும்புதான்.

இங்கே வரலாற்றை ஒரு நிமிடம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அப்லேஷன் என்றதும் கோளாறை அகற்றிவிட்டு இதயத்தை இயல்பாக விடும் சிகிச்சை என்றே நினைக்கிறோம். ஆனால் 1982இல் மெல்வின் ஷைன்மன் குழுவும் ஜான் கேலகர் குழுவும் மனிதர்களிடம் செய்து வெளியிட்ட முதல் கதீட்டர் அப்லேஷன்கள், நல்ல நிலையில் இருந்த ஏவி வாசலை வேண்டுமென்றே அடைத்தவை. கம்பி வழியாக மின் அதிர்ச்சி கொடுத்து மேலறைக்கும் கீழறைக்கும் உள்ள தொடர்பைத் துண்டித்தார்கள். நோயாளிகளுக்குப் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. ஆக, பேஸ்மேக்கர் சார்பு என்பது அப்லேஷனில் எப்போதாவது நேரும் விபத்து என்று மட்டும் நினைக்கக் கூடாது. இந்தச் சிகிச்சை தொடங்கிய இடமே அதுதான்.

பேஸ்மேக்கருக்கோ அப்போதே கால் நூற்றாண்டு வயது. 1958 அக்டோபர் 8ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உடலுக்குள் வைக்கும் முதல் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. செய்தவர் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட், வைத்தவர் அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங். முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. லார்சன் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, அந்தப் பொறியாளரையும் மருத்துவரையும் தாண்டி வாழ்ந்து, 2001இல் 86 வயதில் புற்றுநோயால் இறந்தார். பேஸ்மேக்கர் வைத்தாலே நாள் எண்ண வேண்டியதுதான் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இவர் கதையைத்தான்.

அப்லேஷனுக்குப் பிறகு பேஸ்மேக்கர் வரும் வழிகள்

"அப்லேஷன் செய்தார்கள், அப்புறம் பேஸ்மேக்கர் வைத்துவிட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால், அதற்குப் பின்னால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத காரணங்கள் இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

முதல் வழி, அத்தைக்கு நடந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பல வருடமாக நிலைத்துவிட்டது. மாத்திரைகள் போதவில்லை, அளவைக் கூட்டினால் உடம்பு தாங்கவில்லை. மேலறையைச் சரிசெய்யும் அப்லேஷன் அவருக்குப் பலன் தர வாய்ப்பு குறைவு என்றார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் பேஸ்மேக்கர் வைத்து, அது சரியாக ஓடுவதை உறுதி செய்துகொண்டு, பிறகு ஏவி நோடை அடைத்துவிடுவார்கள். மேலறை எவ்வளவு நடுங்கினாலும் கீழறைக்கு அது கேட்காது. கீழறை பேஸ்மேக்கர் சொல்லும் வேகத்தில் சீராகத் துடிக்கும். இங்கே சார்பு என்பது முன்கூட்டியே தெரிந்து, ஒப்புக்கொண்டு, வாழ்நாள் முழுமைக்கும் ஏற்றுக்கொள்வது. திரும்பிப் போக முடியாத முடிவு என்பதால், மாத்திரைகளை நன்றாக முயன்று பார்த்த பிறகே பொதுவாக இதற்கு வருகிறார்கள். அவசரப்படாமல் கேள்வி கேட்க வேண்டிய இடமும் இதுதான்.

பலனும் பெரியது. 2021இல் வெளியான ஏபிஏஎஃப்-சிஆர்டி ஆய்வில், நிலையான ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு இதயச் செயலிழப்பும் உள்ளவர்களில் ஏவி நோடை அடைத்து இரண்டு கீழறைகளையும் ஒன்றாகத் துடிக்க வைத்த பிரிவினரிடம், மாத்திரையால் வேகத்தைக் குறைத்த பிரிவினரைவிட இறப்பு குறைவாக இருந்தது. கலந்துகொண்டவர்கள் 133 பேர்தான், சிறிய ஆய்வு. இருந்தாலும், "பேஸ்மேக்கரை நம்பி வாழ்வதா" என்று தயங்குபவர்கள் தராசின் இன்னொரு தட்டில் இதையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தச் சிகிச்சை பற்றி இரண்டு விஷயங்களை எங்களுக்கு யாராவது முன்னாடியே அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போய்விடவில்லை. மேலறை அப்படியேதான் நடுங்குகிறது, அதனால் அங்கே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் ஆபத்தும் அப்படியே இருக்கிறது. நாடி சீராகிவிட்டதே என்று ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைத் தானாக நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. இரண்டாவது, முதல் சில வாரங்களுக்குப் பேஸ்மேக்கரை 80, 90 என்று வேகமாகவே வைத்திருப்பார்கள். வேகத்துக்குப் பழகிய கீழறையைச் சட்டென்று மெதுவாக்கினால் அது ஆபத்தான வேறொரு துடிப்புக் கோளாறில் போய் விழக்கூடும். அதனால் படிப்படியாகக் குறைப்பார்கள். அத்தை தூக்கம் வராமல் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிவிட்டு, "ராத்திரியிலகூட தொண்ணூறு ஓடுது, கருவி கெட்டுப்போச்சு போல" என்று பயந்துபோனது இதனால்தான்.

இரண்டாவது வழி, எதிர்பாராதது. ஏவி நோடுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கூடுதல் பாதையால் வரும் திடீர்ப் படபடப்பு நிறையப் பேருக்கு, அதுவும் இளம் வயதிலேயே வருகிறது. அங்கே இரண்டு பாதைகள்: ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது. மெதுவான பாதையைச் சுட்டுவிட்டால் சுழற்சி நின்றுவிடும். ஆனால் சுட வேண்டிய இடத்துக்கும் காப்பாற்ற வேண்டிய இடத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான். சுடும்போது மருத்துவர் திரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. இலக்கைத் தொட்டால் ஏவி நோடை ஒட்டிய பகுதியிலிருந்து மெதுவான துடிப்புகள் சில எழும், அது நல்ல அறிகுறி. அந்தத் துடிப்புகள் திடீரென்று மிக வேகமானாலோ, அவை மேலறைக்குத் திரும்பிப் போகாமல் அறுந்தாலோ, சூட்டை இயக்கும் மிதியிலிருந்து மருத்துவரின் கால் உடனே விலக வேண்டும். திசு முழுதாக வேகும் முன் நிறுத்திவிட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும். மீளாத அடைப்பு ஏற்பட்டுப் பேஸ்மேக்கர் தேவைப்படுவது அனுபவமுள்ள இடங்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. உறைய வைக்கும் முறையில் முதலில் லேசாகக் குளிர்வித்துப் பார்த்து, அடைப்பு தெரிந்தால் சூடேற விட்டு மீட்டுக்கொள்ள முடியும். நோடுக்கு மிக நெருங்கிய இடங்களில் அதனால்தான் சிலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மூன்றாவது வழியில் அப்லேஷன் மேல் தவறே இல்லை. வருடக்கணக்கில் வேகமான துடிப்பு ஓடிக்கொண்டிருந்ததால் சைனஸ் நோட் சோம்பியிருந்தது யார் கண்ணுக்கும் படவில்லை. அப்லேஷன் வெற்றியாகி வேகத் துடிப்பு நின்றதும் அடியில் இருந்த மெதுவான துடிப்பு வெளியே தெரிகிறது. அப்போது பேஸ்மேக்கர் தேவைப்படலாம்.

இதே கதை நேர்மாறாகவும் நடக்கும், அதைச் சொல்ல எனக்குச் சந்தோஷம். சிலருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நிற்கும் கணத்தில் இதயம் மூன்று நொடி, ஐந்து நொடி என்று அப்படியே நின்று, பிறகு துடிக்கும். மயக்கம் வரும். இவர்களுக்குப் பேஸ்மேக்கர்தான் வழி என்று முன்பு நினைத்தார்கள். ஃபிப்ரிலேஷனைத் தூண்டும் துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலிருந்து வருகின்றன என்று 1998இல் ஹைசாகேர் குழு காட்டிய பிறகு அந்த இடத்தைத் தனிமைப்படுத்தும் அப்லேஷன் வந்தது. ஃபிப்ரிலேஷனே வராவிட்டால் அது நிற்கும்போது வரும் இடைவெளியும் இல்லை. அதனால் சிலருக்குப் பேஸ்மேக்கர் தேவையே இல்லாமல் போகிறது. இந்த அப்லேஷனுக்குப் பிறகு ஓய்வுத் துடிப்பு முன்பைவிடப் பத்து வரை கூடி நிற்பதும் சகஜம். வேகத்தைக் குறைக்கும் நரம்பு முடிச்சுகள் அந்தச் சிரைகளின் வாயை ஒட்டியே இருக்கின்றன, அவற்றிலும் கொஞ்சம் சூடு படுவதுதான் காரணம். இதற்காக மட்டும் பயப்பட வேண்டியதில்லை.

சதவீதமும் சார்பும் ஒன்றல்ல

இப்போது அந்த 99.8க்கு வருவோம். கருவி எத்தனை துடிப்புகளுக்குக் கட்டளை கொடுத்தது என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. கட்டளை கொடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை அது சொல்லாது.

ஒருவருடைய சொந்தத் துடிப்பு நிமிடத்துக்கு 57 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கரை 60இல் வைத்திருக்கிறார்கள். அவருடைய இதயம் துடிக்கத் தயாராவதற்குச் சற்று முன்பே ஒவ்வொரு முறையும் கருவி முந்திக்கொள்ளும். அறிக்கையில் கிட்டத்தட்ட நூறு சதவீதம் என்று வரும். கருவியை அணைத்தாலும் அவர் 57இல் நடமாடிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். இன்னொருவருக்கு அடைப்பு விட்டு விட்டு வருகிறது, அறிக்கையில் 5 சதவீதம்தான். ஆனால் அந்த 5 சதவீத நேரத்தில் அவருக்கு மாற்றுத் துடிப்பே எழுவதில்லை. இருவரில் யார் கருவியை அதிகம் நம்பியிருக்கிறார் என்று நீங்களே சொல்லுங்கள்.

எந்த அறையில் என்பதும் முக்கியம். சைனஸ் நோட் பலவீனமானவர்களுக்கு மேலறையில் 95 சதவீதம் பேஸிங் இருக்கலாம். அவர்களுடைய ஏவி வாசல் நன்றாக இருக்கும், கீழே மாற்றுத் துடிப்பும் உண்டு. கீழறைப் பேஸிங் 99 என்பது ஏவி வாசல் அடைபட்டவரின் அறிக்கையில் வந்தால் அதன் எடையே வேறு. எனவே தாளில் எண்ணைப் பார்க்கும்போது, எந்த அறைக்கு எதிரே எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உண்மையில் சார்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சோதித்துப் பார்க்க வேண்டும். அத்தைக்குச் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். படுக்கையில் படுக்க வைத்து ஈசிஜி ஒட்டிகளை ஒட்டினார்கள். கணினி மவுஸ் போன்ற ஒரு கருவியைக் காலர் எலும்புக்குக் கீழே, பேஸ்மேக்கர் புடைத்திருக்கும் இடத்தின் மேல் வைத்தார்கள். திரையில் ஒவ்வொரு துடிப்புக்கும் கீழே எழுத்து விழுகிறது: கருவி கொடுத்த துடிப்பென்றால் விபி, இதயமே எழுப்பியதென்றால் விஎஸ். வரிசையாக விபி, விபி, விபி. "வேகத்தைக் குறைக்கிறேன்மா, தலை சுத்தற மாதிரி இருந்தா உடனே சொல்லிடுங்க" என்றார் தொழில்நுட்பர். 70இலிருந்து 60, பிறகு 50. அதே விபி. 40. இன்னும் விபி. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே ஒன்றரை நொடி. அறையில் யாரும் பேசவில்லை. 35க்கு இறக்கியதும் ஒரு நீண்ட வெற்றுக்கோடு, பிறகு அகலமாக, வேறு வடிவத்தில் ஒரு துடிப்பு. அதன் கீழே விஎஸ். மறுபடி விஎஸ். அத்தையின் இதயம் தானாகவே, ஏறக்குறைய 37இல் துடித்தது. "லேசா கிறுகிறுங்குதும்மா" என்று அத்தை சொன்னதுதான் தாமதம், ஒரு தட்டலில் எல்லாம் 70க்குத் திரும்பியது.

அந்த ஒரு நிமிடத்தில்தான் எனக்கு முழுதும் புரிந்தது. அவருக்கு மாற்றுத் துடிப்பு இருக்கிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு வாழ முடியாது. சார்பு என்பது ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிவதில்லை. சில மருத்துவர்கள் கருவியை 30க்கு இறக்கியும் சொந்தத் துடிப்பு எழவில்லை என்றால்தான் சார்பு என்கிறார்கள், சிலர் 40ஐக் கோடாக வைக்கிறார்கள், சிலர் மயக்கமோ கிறுகிறுப்போ வருகிறதா என்று பார்க்கிறார்கள். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஒரே வரையறை இல்லை. அதோடு இது மாறக்கூடியது. போன வருடம் 37இல் எழுந்த துடிப்பு அடுத்த வருடம் எழாமலும் போகலாம். சுட்ட இடத்தின் வீக்கம் வடிந்து, அடைப்பு விலகிச் சொந்தத் துடிப்பு திரும்பியவர்களும் இருக்கிறார்கள்.

"கருவி வெச்சதாலதான் இதயம் சோம்பேறி ஆயிடுச்சு" என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். இதில் ஒரு துளி உண்மை உண்டு, மீதி தவறு. வேகமாகக் கட்டளை வந்துகொண்டே இருக்கும்போது கீழ்ப்படியில் உள்ள மாற்றுத் துடிப்பு அடங்கியிருக்கும். சட்டென்று நிறுத்தினால் விழித்துக்கொள்ளச் சில நொடிகள் எடுக்கும். அதனால்தான் சோதனையில் படிப்படியாக இறக்குகிறார்கள். ஆனால் கருவி ஏவி நோடை அடைக்கவில்லை, சைனஸ் நோடைக் கெடுக்கவும் இல்லை. அடைத்தது அப்லேஷன் தழும்பு, அல்லது நோய், அல்லது வயது.

சார்ந்திருப்பவர் கவனிக்க வேண்டியவை

அன்றாட வாழ்க்கையில் மாறுவது நினைப்பதைவிடக் குறைவு. நடக்கலாம், மாடி ஏறலாம், சமைக்கலாம், செல்போன் பேசலாம். போனைச் சட்டைப்பையில் கருவிக்கு நேர் மேலே வைக்காமல் 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் போதும். மாடி ஏறும்போது மூச்சு வாங்கினால் அதையும் சொல்லிவிடுங்கள். கருவிக்குள் அசைவை உணரும் பகுதி ஒன்று உண்டு, உடம்பு அசையும்போது துடிப்பைக் கூட்டும். அதன் உணர்திறனை மாற்றிவைக்கலாம். அத்தைக்கு அதை மாற்றியதும் வித்தியாசம் தெரிந்தது. நடப்பதை நன்றாக உணரும் அந்தப் பகுதி, மேல் உடம்பு அதிகம் அசையாத சைக்கிள் மிதிப்பைச் சரியாக உணராமல் போகலாம் என்பதும் தெரிந்திருப்பது நல்லது.

உண்மையான ஆபத்து கருவி தவறாகப் புரிந்துகொள்ளும்போது வருகிறது. பேஸ்மேக்கர் எப்போதும் இதயத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். சொந்தத் துடிப்பு கேட்டால் தான் பேசாமல் இருக்கும். கருவியை இதயத்தோடு இணைக்கும் ஒயரில் விரிசல் விழுந்து மின் இரைச்சல் வந்தால், அந்த இரைச்சலைத் துடிப்பென்று நினைத்துக் கருவி மௌனமாகிவிடக்கூடும். மாற்றுத் துடிப்பு உள்ளவர் ஒரு கணம் தடுமாறிச் சமாளிப்பார், முழுதும் சார்ந்திருப்பவர் மயங்கி விழுவார். அறுவை சிகிச்சையில் பயன்படுத்தும் மின்கத்தியும் இதே குழப்பத்தை உண்டாக்கலாம். அதனால் எந்த அறுவை சிகிச்சை என்றாலும், எம்ஆர்ஐ என்றாலும், "நான் பேஸ்மேக்கரை முழுதாகச் சார்ந்திருக்கிறேன்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அப்போது கருவியை எதையும் கேட்காமல், சொன்ன வேகத்தில் தொடர்ந்து துடிக்க வைக்கும் நிலைக்கு மாற்றிவைப்பார்கள். எம்ஆர்ஐக்கு ஏற்ற கருவிதானா, ஒயர்தானா என்பதையும் பார்த்துக்கொள்வார்கள். கருவியோடு தரும் அட்டை பர்ஸிலேயே இருக்கட்டும். மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வருவது, கருவி வைத்த இடத்தில் சிவப்பு, வீக்கம், விடாத விக்கல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த சோதனை நாள்வரை காத்திருக்கக் கூடாது.

இன்னொரு விஷயம் வருடங்கள் போகப் போகத் தெரிவது. வலது கீழறையின் நுனியிலிருந்து துடிக்க வைத்தால், கட்டளை இயல்பான வழியில் போகாமல் தசை வழியாக ஊர்ந்து இடது பக்கம் சேர்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுருங்காததால் பல வருடங்களில் சிலருக்கு இதயத்தின் தள்ளும் சக்தி குறைகிறது. கீழறைப் பேஸிங் 20 சதவீதத்தைத் தாண்டுபவர்களிடம் இதைக் கண்காணிக்கிறார்கள். நூறு சதவீதம் சார்ந்திருப்பவருக்கு எந்த இடத்தில் ஒயர் வைக்கிறார்கள் என்பது ஆகவே சின்ன விஷயம் இல்லை. இரண்டு கீழறைகளையும் சேர்த்துத் துடிக்க வைக்கும் கருவியும், ஹிஸ் கற்றையிலோ அதன் இடது கிளைப் பகுதியிலோ நேரடியாக ஒயரைப் பதிக்கும் முறையும் இதற்காகவே வந்தன. ஏவி நோடை அடைக்கப் போகிறார்கள் என்றால், "ஒயரை எங்கே வைக்கப் போறீங்க, ஏன் அங்கே?" என்று கேளுங்கள். எங்களுக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை. இப்போது வருடத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

பேட்டரி திடீரென்று தீர்ந்துவிடாது. கருவியையும் பேஸிங் அளவையும் பொறுத்து ஐந்து வருடம் முதல் பதினைந்து வருடம் வரை வரும். தீரும் முன்பே மாற்ற வேண்டிய நேரம் என்று கருவி அறிவிக்கும், அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் ஓடும். எப்போதும் கட்டளை கொடுத்துக்கொண்டே இருக்கும் கருவியில் சீக்கிரம் தீரும் என்பதால், சார்ந்திருப்பவர்கள் சோதனை நாளைத் தள்ளிப்போடக் கூடாது.

மாற்றும் நாளில் பழைய ஒயர்கள் நன்றாக இருந்தால் அப்படியே இருக்கும், பெட்டி மட்டும்தான் மாறும். பழைய பெட்டியிலிருந்து திருகைத் தளர்த்தி ஒயரை உருவி, புதிய பெட்டியில் செருகும் அந்தச் சில நொடிகளுக்குக் கட்டளை இல்லை. மாற்றுத் துடிப்பு எழாதவர்களுக்குத் தற்காலிக ஒயர் ஒன்றைப் போட்டுவைத்தோ, அந்த ஒயரையே வெளிக்கருவி ஒன்றோடு இணைத்தோ இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் மருத்துவர் அத்தையின் பெட்டி மாற இன்னும் ஏழு வருடம் இருக்கிறது என்கிறார். அந்த 37ஐச் சோதனைத் தாளில் வட்டமிட்டு, பக்கத்தில் தேதி எழுதி, கருவி அட்டையோடு சேர்த்து அத்தையின் பர்ஸில் வைத்திருக்கிறேன்.